அரை விமானி

தடாவில் காலை ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையின் குருகுலம் எப்படி நடக்கிறதென்று தெரிந்துவிடும்.

"லைன்ல வேலை யாருப்பா சொல்லித் தந்தது?"

"எனக்கு ஒரு மாசம் முன்னால சேர்ந்த அண்ணன், சார்."

"அவருக்கு?"

"அவருக்கு முன்னால சேர்ந்தவரு. அவரு இப்ப இல்ல, கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு."

போகட்டும். லைனில் பிசகினால் ஒரு பெட்டி மூலைக்குப் போகும், சூப்பர்வைசர் கத்துவார். இதே குருகுலத்தை ஆயிரம் அடி உயரத்தில் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி.

அமெரிக்காவில் இது ஊரறிந்த ஏற்பாடு. 150 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் லைசென்ஸ். அதைத் தூக்கிக்கொண்டு கிராண்ட் கேன்யனில் சுற்றுலா ஓட்டவோ, மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் மேடைகளுக்கு ஆளேற்றவோ போனால், ‘ஆயிரம் மணி இருக்கா?’ என்பார்கள். மீதி மணிக்கு எங்கே போவது? சொந்தக் காசில் பறந்தால் வீடு ஏலத்துக்கு வரும். ஆகவே நேற்றுவரை மாணவனாக இருந்தவன் இன்று வாத்தியார்.

இதில் ஒரு கணக்கு வித்தை உண்டு. மாணவன் தட்டுத்தடுமாறி ஒரு மணி நேரம் ஓட்டுகிறான். அது அவன் லாக் புக்கிலும் ஏறும், பக்கத்தில் உட்கார்ந்த வாத்தியார் லாக் புக்கிலும் ஏறும். ஒரு மணி இரண்டாகக் குட்டி போடுகிறது. பிரசவச் செலவு முழுக்க மாணவனுக்கு. ஓடிய நேரத்தை எண்ணும் ஹாப்ஸ் மீட்டரில் ஆறு நிமிஷத்துக்கு ஒரு புள்ளி நகரும். அதை மாணவன் பார்த்தால் வயிறு எரியும். வாத்தியார் பார்த்தால் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

பழகும் வண்டி பெரும்பாலும் ராபின்சன் ஆர்22. இரண்டே இருக்கை, இலேசான சுழலி. எஞ்சின் நின்றால் ஓரிரு நொடிக்குள் இடது கை நெம்புகோலை இறக்கியாக வேண்டும். யோசித்தால் சுழலி ஓய்ந்துவிடும், பிறகு விழுவது கல். விபத்துகள் குவிந்ததும் 1995-ல் அமெரிக்க அரசு கண்ணைக் கசக்கி எழுந்து விதி போட்டது: இதில் பாடம் எடுக்க 200 மணி வேண்டும், அதில் 50 ஆர்22-ல். அடேயப்பா! லைசென்ஸுக்கு மேல் இன்னும் 50 மணி. நம்மூரில் கார் ஓட்டப் பழகியவன்கூட அதைவிட அதிகம் ஓட்டிய பிறகுதான் மனைவியை ஏற்றுகிறான்.

பத்தாயிரம் மணி பார்த்தவன் ஏன் சொல்லித்தர வருவதில்லை? வாத்தியார் சம்பளத்துக்கு அவன் ஏன் வருவான்? வாத்தியார் வேலையை ஏணிப்படியாக்கி வைத்தால், படியில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். ஆயிரம் தொட்ட அன்றே கிளம்பிவிடுவான், அவன் இடத்தில் இன்னொரு இருநூறு வந்து உட்காரும். ஆயிரம் வேரைக் கொன்றவன்தான் அரை வைத்தியன் என்ற பழமொழி, வாய் மாறி ‘ஆயிரம் பேரை’ ஆனதாகச் சொல்வார்கள். இந்தத் தொழிலுக்கு இரண்டு பாடமும் பொருந்தும்.

லாஸ் வேகஸைத் தலைமையிடமாகக் கொண்ட சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் இதைச் சங்கிலி வியாபாரமாகவே நடத்தியது. கிட்டத்தட்ட 70,000 டாலர் கட்டு, படி, பிறகு இங்கேயே வாத்தியாராகி மணி சேர்த்துக்கொள். அடுத்த பிள்ளை பணம் கட்டினால்தானே முந்தைய பிள்ளைக்கு மணி? 2008 பிப்ரவரியில் ஒரே நாளில் கடையைச் சாத்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையில் மிஞ்சியது கடன்.

சரி, மணிக்கணக்கில் குறையில்லாதவர்கள் ஓட்டினால்? 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி ஹெலிகாப்டரில் வந்துகொண்டிருந்தது, ஸ்ரீ சிட்டி அப்போது இருந்த சித்தூர் மாவட்டத்துக்குத்தான். இரண்டு மூத்த விமானிகள், இரட்டை எஞ்சின் பெல் 430. கியர் பாக்ஸ் எண்ணெய் அழுத்த எச்சரிக்கையில் ஆறு நிமிஷத்துக்கு மேல் மூழ்கிவிட்டார்கள், வெளியே மேகம் மூடியதையும் பாதையையும் விட்டுவிட்டார்கள் என்றது விசாரணைக் குழு. நல்லமலைக் காட்டில் ஐந்து பேரும் போனார்கள். எத்தனை மணி பறந்தாய் என்று கேட்க லாக் புக்கில் கட்டம் இருக்கிறது. அந்த ஆறு நிமிஷத்துக்கு உனக்கு யார், என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்க எந்த நாட்டு லாக் புக்கில் கட்டம் போட்டிருக்கிறார்கள்?

பஸ் வந்துவிட்டது. பையன் படியில் தொற்றிக்கொண்டே திரும்பிச் சிரிக்கிறான்.

"சார், திங்கட்கிழமை புது பேட்ச் வருது. நான்தான் சொல்லித் தரணுமாம்."