அசோக் நகர்ப் புறாவின் ஆயுள்

அசோக் நகரில் பால்கனிக்கு வலை கட்டாத அடுக்குமாடி வீடு குறைந்துகொண்டே வருகிறது. காரணம், மாடப்புறா. ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலு சுள்ளியைப் போட்டு, இரண்டு வெள்ளை முட்டை இட்டுவிடும். விரட்டுமுன் அதன் ஆயுளைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். வளர்ப்பில் 35 ஆண்டு வரை இருந்த புறா உண்டு. ஏறக்குறைய அதே எடையுள்ள எலி 4 ஆண்டைத் தாண்டுவது அரிது.

உடம்பில் எரிப்பு வேகமாக நடக்கும் உயிருக்கு ஆயுள் குறைவு என்று 1928-இல் எழுதினார் ரேமண்ட் பேர்ல். ஏன் என்பதற்கு 1956-இல் டென்ஹாம் ஹார்மன் விடை சொன்னார். ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டாகின்றன. ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு அலையும் அவை கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதையும் விடுவதில்லை; அந்தச் சேதம் சேரச் சேர முதுமை. அப்படியென்றால் 41 டிகிரிச் சூட்டில் சிறகடிக்கும் புறா எலிக்கு முன்பே செத்திருக்க வேண்டுமே!

ஸ்பெயினில் குஸ்தாவோ பர்ஹா 1990-களில் இரண்டின் செல்லிலும் ஆக்சிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து அளந்தார். புறாவுடையதில் ஃப்ரீ ராடிக்கல் கசிவு குறைவு. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது வேறு, தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது வேறு. புறா செய்வது முதலாவது. கசிந்த ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை செய்ய நினைப்பது இரண்டாவது.

கதை இதோடு முடியவும் இல்லை. ஆப்பிரிக்காவின் ரோமமில்லாத வளை எலி, உடம்பில் ஆக்சிஜன் சேதம் ஏராளமாக இருந்தும் 30 ஆண்டுக்கு மேல் வாழ்கிறது. ஹார்மன் பாதிதான் சரி என்பது என் முடிவு.

காலையில் வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு, வழியில் மருந்துக்கடையில் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை அட்டையை வாங்குபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2009-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், உடற்பயிற்சியோடு தினமும் ஆன்டிஆக்சிடன்ட்களான 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்ட இளைஞர்களுக்கு, இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிடைக்கவில்லை, சாப்பிடாதவர்களுக்குக் கிடைத்தது. பயிற்சியில் எழும் கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல்தான் உடம்பின் தற்காப்பைத் தட்டி எழுப்புகிறது. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில் (1994), இன்னொரு ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது.

நெல்லிக்காய் தின்னுங்கள், கீரை தின்னுங்கள், நடப்பதை விடாதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே வேண்டாம்.