பக்க முதலாளி

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, பாபநாசம் முதல் பாளையங்கோட்டை வரை தாமிரபரணிக் கரையூர்களின் சிறுகடைகள் கதவடைத்துக் கிடந்த நாள்களில்தான் ‘பக்க முதலாளி’ என்னும் வகையினர் நெல்லைச் சீமையில் திரளாகத் தோன்றினர். தம் சிறுதொழிலுக்கெனச் சமூக ஊடகத்தில் ஒரு பக்கத்தைத் தொடங்கி, அதனைக் கடையினும் மேலாகப் பேணி வளர்ப்பவரே இங்குப் பக்க முதலாளி எனப்படுகிறார். அவ்வாண்டு ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ‘ரீல்ஸ்’ எனப்படும் குறுங்காணொளி வசதியை இந்தியாவில் கொண்டுவந்தமையால், வீட்டில் சும்மா இருந்தவருக்குத் தொழிற்கருவியும் கைக்கு வந்து சேர்ந்தது. ஊரடங்கு போயிற்று, இவர் போகவில்லை. முகூர்த்தமற்ற ஆடி மாதமும், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய மந்தப் பொழுதும் இவருக்கு வேண்டிய ஓய்வை இன்றளவும் வழங்கிவருகின்றன.

இவரது முதற்பணி சரக்குச் செய்வதன்று. ‘லோகோ’ எனப்படும் அடையாளச் சின்னத்தைச் செய்வதாகும். நெல்லையப்பர் கோயில் கோபுரம், ஆறு, நெற்கதிர், அரிவாள், தாத்தாவின் படம் ஆகிய அனைத்தையும் ஒரு ரூபாய் அளவுள்ள வட்டத்துக்குள் அடக்கிவிடுவதால், கடையின் பெயருக்கு அதில் இடமிருப்பதில்லை. அடுத்தது படப்பிடிப்பு. அல்வாக் கடைக்காரரையே எடுத்துக்கொள்வோம். அல்வா என்பது சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அதைச் சர்க்கரையோடும் நெய்யோடும் கைவிடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டிய பண்டமாதலின், இடையில் ஓய்ந்தால் அடிபிடித்துவிடும். இவ்வுண்மையை அறிந்தவர் மனைவி, அறியாதவர் முதலாளி. “ஒரு நிமிசம் நிறுத்து, வெளிச்சம் சரியா விழல” என்று முதலாளி சொல்ல, “அப்ப நீங்க வந்து கிண்டுங்க, நான் படம் எடுக்கேன்” என்று மனைவி கரண்டியை நீட்ட, இவ்வழக்கு தீர்வதற்குள் சட்டி தன் தீர்ப்பை வழங்கிவிடுகிறது. ஆயினும் காணொளி நன்றாகவே அமைகிறது. தீய்ந்த வாசம் திரையில் வராது என்பது இவ்வூடகத்தின் தனிச்சிறப்பாகும்.

பக்கத்தைத் தொடர்ந்து பார்ப்பதாக ஒப்பிப் பதிந்துகொள்வோர் ‘பின்தொடர்வோர்’ எனப்படுவர். இவர்களுள் பெரும்பாலோர் தாராவியிலும் துபாயிலும் சென்னையிலும் வாழும் அத்தை மக்களும் மச்சினர்களுமே. “சூப்பர் மாப்ளே” என்று இவர்கள் தவறாமல் எழுதுவர். விலையை மட்டும் கேட்பதில்லை. உறவுக்குள் காசு வாங்குவது முறையன்று என்பதால், அரைக்கிலோ பொட்டலம் கூரியர் செலவோடு முதலாளி கணக்கில் போய்ச் சேரும். அன்னியர் ஒருவர் அரிதாக வந்து விலை கேட்டாலோ, “இன்பாக்ஸில் வாருங்கள்” என்று தனிச்செய்திக்கு அழைக்கப்படுகிறார். கால் கிலோ அல்வாவின் விலையை அரசு இரகசியம் போலக் காப்பதற்கான காரணத்தை இவ்வகையினர் எவரும் இதுவரை விளக்கியதில்லை.

எந்தப் பதிவை எவருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் கணிப்பு முறையான ‘அல்காரிதம்’ குறித்து இவர் கொண்டிருக்கும் அச்சம், முன்னோர் காவல் தெய்வமான சுடலைமாடனிடம் கொண்டிருந்த அச்சத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. மாடனுக்குக் கொடை கொடுத்துச் சாந்தப்படுத்துவதுபோல, இதற்கும் ‘பூஸ்ட்’ என்ற பெயரில் பணம் செலுத்தும் ஏற்பாடு உண்டு. செலுத்திய பணம் அல்வா விற்ற பணத்தை விஞ்சும்போதும், எத்தனை பேர் திரையை எட்டியது என்னும் ‘ரீச்’ கூடியிருப்பதைக் காட்டி இவர் மகிழ்கிறார். கடைக்கு நேரில் வந்து அரைக்கிலோ கேட்பவரையும், “கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, லைவ் போய்க்கிட்டு இருக்கு” என்று நிறுத்திவைத்து, நேரலை முடிவதற்குள் அடுத்த கடைக்கு அனுப்பிவிடுகிறார்.

பக்கம் நடத்துவதே வீண் என்பது இதன் பொருளன்று. பத்தமடைப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருபவருக்கு, கோரையை எத்தனை மெல்லியதாகக் கிழித்து நெய்திருக்கிறார் என்பதைக் காட்டும் ஒரு நல்ல படம் உண்மையிலேயே உதவக்கூடியது. பக்க முதலாளியோ அந்தப் பாயின்மேல் தாம் படுத்திருக்கும் படத்தை இடுவார்; பார்ப்பவர் வயிற்றைக் காண்பாரேயன்றிப் பின்னலைக் காணார்.

இவ்வளவுக்கும் இவர் ஊரிலேயே, நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, பெயர்ப்பலகைகூட இல்லாமல் மங்கலான விளக்கொளியில் அல்வா விற்றே பேர்பெற்ற இருட்டுக்கடை இருக்கிறது. மாலையில் திறக்கிறார்கள், வரிசை நிற்கிறது, சரக்குத் தீர்ந்ததும் மூடுகிறார்கள். பக்க முதலாளியும் ஒருநாள் அவ்வரிசையில் நின்று, வாங்கிய அல்வாவோடு தற்படம் எடுத்துத் தம் பக்கத்தில் இட்டார். அவருடைய பக்கத்தில் இன்றுவரை மிகுதியான லைக் பெற்ற பதிவு அதுவே.