பொறுத்தார் பதவி ஆள்வார்

எங்கள் மணப்பாறைக்காரர்களுக்குப் பொறுமை போதாது. புதன்கிழமை மாட்டுச் சந்தைக்கு வந்து பாருங்கள், தெரியும். தரகர் வியாபாரியின் கையைத் துண்டுக்கு அடியில் இழுத்துக்கொள்வார். உள்ளே விரல்கள் விலை பேசும். வெளியே இரண்டு முகமும் சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். துண்டை உதறினால் விலை படிந்தது. பல்லைப் பிடித்துப் பார்த்ததில் வயசு இடிக்கிறது, சுழியை மறைத்துவிட்டான் என்று தகராறு வந்தால், நாலு பேர் கூடி நின்று பேசிப் பொழுது சாய்வதற்குள் தீர்த்துவிடுவார்கள். ஒன்று பணம் திரும்பும், இல்லையென்றால் மாடு திரும்பும்.

இப்படி அவசரத்திலேயே வளர்ந்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து தேர்தல் வழக்குகளைக் குறை சொல்வதில் ஆச்சரியம் இல்லை. அந்த விசாரணையின் மேன்மையை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

முதலில் சட்டத்தின் அழகைப் பாருங்கள். தேர்தலில் முறைகேடு நடந்தது என்று நினைத்தால், தோற்ற வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் சாதாரண வாக்காளரும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அவருக்கு 45 நாள் கெடு வைக்கிறது. கெடு தாண்டினால் மனு தள்ளுபடி, சாக்குப்போக்கு செல்லாது. 2,000 ரூபாய் காப்புத்தொகையும் கட்ட வேண்டும். கட்டாவிட்டாலும் தள்ளுபடிதான். அதற்குப் பிறகு விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க 'முயல வேண்டும்' என்று அதே சட்டம் சொல்கிறது. குடிமகனிடம் இத்தனை கண்டிப்பு, காலண்டரிடம் இத்தனை தாட்சண்யம்! ஒரே சட்டத்துக்குள் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள்.

இந்த முயற்சி எவ்வளவு ஆழமானது என்பதற்கு ராதாபுரம் சாட்சி. 2016 மே மாதம் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590 வாக்கும், தி.மு.க.வின் அப்பாவு 69,541 வாக்கும் பெற்றதாக அறிவித்தார்கள். வித்தியாசம் 49. எண்ணாமல் ஒதுக்கிய தபால் வாக்குகள் 203. காரணம்? அவற்றில் சான்றொப்பமிட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அவருக்கு அந்த அதிகாரம் இல்லையாம். தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் போட்ட வாக்குகள் அவை. ஊரார் வாக்கையெல்லாம் பத்திரமாகப் பெட்டி சேர்த்தவர்கள் தங்கள் வாக்கை இழந்தார்கள். தியாகம் என்றால் இதுவல்லவா?

ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்து செல்லுமா செல்லாதா என்பதை அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியுமா? மூன்று வருஷத்துக்கு மேல் ஆராய்ந்து, செல்லும் என்று கண்டு, அந்தத் தபால் வாக்குகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2019 அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அன்றைக்கே உச்ச நீதிமன்றம், எண்ணிக்கொள்ளலாம், முடிவை வெளியிடக் கூடாது என்றது. எண்ணவும் வேண்டும், எண்ணிக்கை வெளியே தெரியவும் கூடாது. இப்படியொரு சமநிலையைத் துலாக்கோலிலும் பார்க்க முடியாது. சட்டமன்றத்தின் ஆயுள் முடிகிற வரையில் அந்த முடிவு வெளியாகவில்லை.

யாருக்காவது நஷ்டம் உண்டா? இன்பதுரை முழுக் காலமும் எம்.எல்.ஏ.வாக இருந்தார். அப்பாவு 2021-ல் அதே ராதாபுரத்தில் ஜெயித்துச் சபாநாயகர் ஆனார். இன்பதுரை 2025-ல் மாநிலங்களவைக்குப் போனார். இருவருக்குமே மேன்மை தந்த வழக்கு உலகத்தில் வேறெங்கே உண்டு?

ராதாபுரம் ஏதோ விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சிவகங்கையில் 2009-ல் ப. சிதம்பரம் 3,354 வாக்கில் ஜெயித்ததை எதிர்த்து ராஜ கண்ணப்பன் வழக்குப் போட்டார். மனுவைத் தள்ளுபடி செய்வதா, விசாரிப்பதா என்ற கேள்விக்கே 2012 ஜூனில்தான் விடை கிடைத்தது: விசாரிக்கலாம்! தேனியில் இன்னும் விசேஷம். 2019-ல் ஓ.ப. ரவீந்திரநாத் பெற்ற வெற்றியை, ஒரு வாக்காளர் போட்ட வழக்கில், 2023 ஜூலை 6-ஆம் தேதி செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீட்டுக்கு அவகாசமும் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. 2024-ல் பதவிக்காலம் தானாகவே முடிந்தது. தீர்ப்பும் வந்தது, பதவியும் போகவில்லை. மனுதாரருக்கும் மகிழ்ச்சி, எதிர்மனுதாரருக்கும் மகிழ்ச்சி.

ஓட்டுக்குப் பணம் என்ற புகாரில் மட்டும் வேகம் குறையாது என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியிலும், தஞ்சாவூரிலும் 2016-ல் பணப் பட்டுவாடா என்று தேர்தலையே நிறுத்தினார்கள். ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரலில் நிறுத்தினார்கள். வேலூரில் 2019-ல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தினார்கள். சில மாதம் ஆறப்போட்டு மறுபடி நடத்தியபோது, பெரிய கட்சிகளின் சார்பில் அநேகமாக அதே வேட்பாளர்கள்தான் வந்து நின்று கும்பிட்டார்கள். தண்டனை என்று சட்டத்தில் என்னென்னவோ இருக்கிறது. சங்கப் பாடலில் வருகிற தொண்டைமானின் ஆயுதசாலைக்குப் பிறகு இப்படி ஒரு கீறல்கூட விழாமல் காப்பாற்றப்பட்ட படைக்கலங்களைத் தமிழ்நாடு கண்டதில்லை.

பறக்கும் படையின் கூர்மையோ தனிப் பாராட்டுக்கு உரியது. ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு ஜோடி உழவு மாடு விற்றால் அந்தத் தொகை தாண்டும்; துண்டுக்கு அடியில் பேசிய விலைக்கு பில் கிடையாது. ஆகவே தேர்தல் காலத்தில் சந்தையிலிருந்து மடியில் பணத்தோடு வீடு திரும்புகிற சம்சாரி கச்சிதமாக மாட்டுவார். பிறகு பணத்தை மீட்க, மூன்று அதிகாரிகள் கொண்ட மாவட்டக் குழுவின் முன்னால் போய், இது மாடு விற்ற காசுதான் என்று நிரூபிக்க வேண்டும். மாடு சாட்சி சொல்லாது என்பது அவர் துரதிருஷ்டம். வீடு வீடாக உறைக்குள் போகிற பணத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. அது ஒரே இடத்தில் 50,000-ஆக நிற்பதே இல்லை.

கென்யாவைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அதிபர் தேர்தல் மனு மீது 14 நாளுக்குள் தீர்ப்பு என்று அங்கே அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். 2017 ஆகஸ்ட் 8-ஆம் தேதி நடந்த தேர்தலை செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஜெயித்தவர் பதவியேற்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. பண்பாடு வளர இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

கடைசியாக, அடுத்த தேர்தலில் 49 ஓட்டில் தோற்கப்போகிற வேட்பாளருக்கு ஒரு வார்த்தை. 45 நாளுக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். போட்ட கையோடு அதற்கு அடுத்த தேர்தல் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். வாய்தாவுக்குப் போகிற வழியில் நாலு கல்யாண வீட்டில் தலைகாட்டினால் செலவும் மிச்சம். இந்த முறையில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் ஏதாவது ஒன்று கிடைத்தே தீரும்.

ராதாபுரத்து வாக்காளர்களுக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. 2016-ல் தாங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்விக்கு அந்த ஐந்து வருஷத்தில் யாரும் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.