நாப்பதும் நமதே, அப்புறம்?

வா மாப்ளே, உக்காரு. 2024 ஜூன்ல "நாப்பதும் நமதே"ன்னு முக்குல நீ போட்ட சரவெடிச் சத்தத்துக்கு மிரண்ட எங்க வெள்ளாடு, இன்னமும் அந்தப் பக்கம் மேய மாட்டேங்குது. தப்புச் சொல்லல. தமிழ்நாட்டுல 39, புதுச்சேரியில 1, உங்க திமுக கூட்டணி ஒண்ணு சிந்தாம அள்ளிடுச்சு. ஆனா டில்லியில அன்னைக்கு எவனும் உன் நாப்பதைத் தேடல. பாஜக 240-ல நின்னுபோச்சு, ஆட்சிக்கு 272 வேணும். 32 குறையுது. ஆந்திராவுல சந்திரபாபு கையில 16, பீகார்ல நிதிஷ் கையில 12. மிச்சத்துக்குச் சில்லறைக் கட்சிக. கணக்கு முடிஞ்சுபோச்சு.

அதே வருசம் ஜூலை மாசம் பட்ஜெட் வாசிச்சாங்களே, கேட்டியா? அமராவதிக்கு 15,000 கோடி, பீகார் ரோட்டுக்கு 26,000 கோடி. அந்த 15,000 கோடியும் வெளிநாட்டு வங்கிக வழியாத்தான் ஏற்பாடாம். இருந்தாலும் பேரைச் சொல்லி வாசிச்சாங்கல்ல! நம்ம பேரு வருமான்னு நானும் டிவி முன்னாடி கெடந்து பாத்தேன். வரல.

2004-லயும் இதே நாப்பதுதான். அதுல திமுகவுக்கு 16, இப்ப சந்திரபாபு வச்சிருக்காரே, அதே 16. ஆனா அன்னைக்குக் காங்கிரசுக்கு 145தான். அதனால நம்மாளுக்கு ராஜமரியாதை. பேசுன இலாகா வரலன்னு பதவிப்பிரமாணம் எடுத்த மந்திரிமாரு சில நாளு சீட்டுல உக்காராமலே இருந்தாங்க. டில்லி எறங்கி வந்துச்சு. குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டம்னு ஒண்ணு போட்டாங்களே, அது பதவியேற்பு முடிஞ்சு அஞ்சு நாளைக்கு அப்புறம் வந்துச்சு. தாலியக் கட்டிட்டு ஜாதகம் பாத்த கதை. ஆக, உன்கிட்ட எத்தனைங்கறத விடு. பெரியவனுக்கு எத்தனை குறையுதுன்னு பாரு.

உனக்கு நெசமாவே பொழைக்கத் தெரிஞ்சா, 'வெளியிலிருந்து ஆதரவு'ன்னு ஒரு சூட்சுமம் இருக்கு, அதக் கத்துக்க. மந்திரி ஆகவேணாம், விலைவாசி ஏறுனா வசவும் உனக்கு இல்ல, நாற்காலிக் காலு மட்டும் உன் கையில. இதுல காங்கிரசு கெட்டிக்காரக் கட்சி. ராஜீவ் வீட்டுப் பக்கம் அரியானா போலீஸ்காரங்க ரெண்டு பேரு வேவு பாத்தாங்கன்னு சண்டை போட்டு, 1991 மார்ச்சுல பிரதமர் சந்திரசேகரை வீட்டுக்கு அனுப்புனாங்க. 1997-ல தேவகவுடாவ ஏப்ரல்ல எறக்குனாங்க. அடுத்து வந்த குஜ்ரால்கிட்ட, திமுக மந்திரிமாரை வெளிய அனுப்புன்னு நவம்பர்ல நின்னாங்க. அவரு அனுப்பல, ஆட்சிதான் போச்சு. அப்படி நின்ன அதே காங்கிரசுதான் 2004-ல திமுகவோட சேந்துச்சு. நீ ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிற? நான் ஒண்ணும் சொல்லலையே.

ஆனா ஒண்ணு, காலை ஆட்டுறப்ப கூட்டிக் கழிச்சு ஆட்டணும். 1999 ஏப்ரல்ல அதிமுக, வாஜ்பாய்க்குக் குடுத்த ஆதரவ வாபஸ் வாங்குச்சு. கையில 18. ஏப்ரல் 17-ஆம் தேதி ஓட்டெடுப்பு. ஒடிசா முதலமைச்சரா போயிருந்த கிரிதர் கமாங், எம்.பி. பதவிய இன்னும் விடாம வச்சிருந்தாரு, அவரும் வந்து எதுத்துப் போட்டாரு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டு. ஆட்சி கவுந்துச்சு. அப்புறம்? சோனியா அம்மா ஆட்சி அமைக்கப் பாத்தாங்க, முலாயம் கைய விரிச்சிட்டாரு. திரும்பத் தேர்தல். அக்டோபர்ல அதே வாஜ்பாய் வந்து உக்காந்தாரு. பக்கத்துல யாரு? வணிகத் துறை மந்திரியா திமுகவோட முரசொலி மாறன்.

அதனால மாப்ளே, எதிர்க்கட்சிக்காரன்னு உன் சொந்தச் சித்தப்பன் மகன் வீட்டுக் காதுகுத்துக்குப் போகாம இருக்கியாமே. ஞாயித்துக்கிழமைதான விசேஷம்? போயிட்டு வா. மொய்யும் கொஞ்சம் சேத்தே எழுது.