கண்ணெடையும் தராசெடையும்: முகூர்த்த நகைத் தேர்வு பற்றி ஓர் ஆய்வு

கல்யாணத்தன்று பெண் எந்தெந்த நகையைப் போட்டுக்கொள்வது என்பதற்குக் குடும்பங்கள் ஆறு மாதம் செலவிடுகின்றன. அறிஞர்கள் ஆறு நிமிடம்கூடச் செலவிட்டதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்க இக்கட்டுரை எழுந்தது. தொடங்குமுன் ஒரு வாக்குறுதி: பொன்னகை, புன்னகை என்னும் சிலேடை இதற்குமேல் வராது. அது நகைக்கடை விளம்பரங்களுக்கு எப்போதோ கிரயம் ஆகிவிட்டது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். அவர் சொன்ன நகை சிரிப்புத்தான். ஆனால் தி. நகரில் பில் போடும் மேசையருகே ஒரு மணி நேரம் நின்றவர் யாரும் அந்த வரிசைமுறையில் குற்றம் காணமாட்டார்.

தரவுகள் அனைத்தும் கல்யாண மண்டபங்களின் மூன்றாம் வரிசையில் திரட்டப்பட்டவை. முதல் வரிசை சம்பந்திகளுக்கு. இரண்டாம் வரிசைக்குத் தெரிவது வீடியோக்காரரின் முதுகு. மூன்றாம் வரிசையில்தான் என் அத்தை உட்காருவார். கெட்டிமேளத்துக்கு முன்பே பெண்ணை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுப் பவுன் கணக்கைச் சொல்லிவிடுவார். பிழை வரம்பு அரைப் பவுன், அதாவது நான்கு கிராம். இந்த அளவைக்கு இக்கட்டுரை ‘கண்ணெடை’ என்று பெயரிடுகிறது. முகூர்த்த நகை தராசெடையைக் கருதித் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, கண்ணெடையைக் கருதியே தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதே நமது கருதுகோள்.

முன்னோர் முறைகளை முதலில் பார்க்கலாம். நகையை அறிவதற்குச் சிலப்பதிகாரம் காட்டும் வழி, உடைத்துப் பார்ப்பது. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. முடிவு துல்லியமானது. ஆனால் மன்னன் உயிரும் பிறகு மதுரையும் செலவாகிவிட்டதால் அம்முறை பரவலாகவில்லை. அடுத்தது தஞ்சை முறை. பெரிய கோயில் கல்வெட்டுகள் ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் கொடுத்த நகைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகின்றன. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றிக் கணக்கில் வரும்: இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. முத்தில் வட்டமானது எது, பழுதுள்ளது எது என்று பிரித்திருக்கிறார்கள். எந்த நகையின் எடையில் அரக்கு சேர்ந்திருக்கிறது, எதில் சரடு நீக்கப்பட்டிருக்கிறது என்றுகூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ‘கல் எடையைக் கழிச்சீங்களா?’ என்று இன்று கடையில் கேட்கப்படும் கேள்விக்கு வயது ஆயிரம் என்பது இதனால் பெறப்படும். குந்தவை, ராஜேந்திரனுக்கு அத்தைமுறை என்பதையும் இங்கே நினைவூட்டுவது ஆய்வாளன் கடமை.

இக்காலத்து முறை ஹால்மார்க். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியீடு பொறிக்காமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. அந்த ஆறையும் படிக்க லென்ஸ் வேண்டும். மூன்றாம் வரிசைக்கு லென்ஸ் கொண்டுவருவது நாகரிகமாகாது. ஆகவே அரசு முத்திரை வந்த பிறகும் அத்தையின் பதவிக்கு ஆபத்து இல்லை.

இனி நிரூபணம். கடையில் விற்பனையாளர் ஒரு ஆரத்தை வெல்வெட் தட்டில் விரித்து, “பாக்கறதுக்குப் பத்துப் பவுன் மாதிரி தெரியும் மேடம், எடை ஆறுதான்” என்பார். இதைவிடச் சுருக்கமாக நம் கருதுகோளை யாராலும் சொல்ல முடியாது. பத்தை ஆறால் வகுத்தால் அந்த ஆரத்தின் கண்ணெடை விகிதம் ஏறத்தாழ 1.67. பாட்டியின் அட்டிகை இதற்கு நேர்மாறு. பார்த்தால் மூன்று பவுன், கையில் வாங்கினால் ஐந்து, விகிதம் 0.6. அந்தக் காலத்து நகை எடையை ஒளித்தது, இந்தக் காலத்து நகை எடையின்மையை ஒளிக்கிறது. பாட்டி அந்த அட்டிகையைப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துப் புதிது போல ஆக்கி வைத்திருக்கிறார். பேத்தியோ ‘ஆன்டிக்’ வேண்டுமென்று, புது நகையைப் பழையது போல மங்கலாக்கித் தரத் தனியாகச் செய்கூலி கொடுக்கிறாள். இரண்டையும் ஒரே கழுத்தில் போட்டால் எது யாருடைய வயது என்று அத்தையே சற்றுத் தடுமாறுவார்.

மணமகளின் விருப்பம் இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். வருகிறது. “உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கோம்மா” என்ற வாக்கியம் கடைக்குள் குறைந்தது மூன்று தடவை சொல்லப்படும், அம்மா எடுத்து முடித்த பிறகு.

சேதாரம் தத்துவத் துறைக்கு உரியது என்றாலும் ஒரு சொல். நாற்பது பவுனுக்குப் பத்து சதவீதம் சேதாரம் என்று வைத்துக்கொண்டால் நான்கு பவுன். அதற்குப் பணம் உண்டு, பில்லில் வரி உண்டு, பொருள்தான் கிடையாது. அதற்குத் தராசெடையும் இல்லை, கண்ணெடையும் இல்லை. ஆன்மாவுக்குச் சொல்லப்படும் இலக்கணம் ஏறக்குறைய முழுவதும் இதற்குப் பொருந்துகிறது.

எத்தனை பவுன் என்பதை முடிவு செய்யும் மூல பாடம் ஒன்று உண்டு. “நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க.” எளிய சொற்கள்தாம், ஆனால் இதற்குப் பெண் வீட்டார் எழுதும் உரை பரிமேலழகரையும் விஞ்சும். ‘எதுவும்’ என்பதற்கு நாற்பது என்று ஒரு பாடம், ஐம்பது என்று இன்னொரு பாடம். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்துவிட்டது. கல்யாணப் பரிசுகளைக் கொடுத்தவர் பெயர், உறவு, உத்தேச மதிப்போடு எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று 1985-இல் விதியும் வந்தது. எந்த மண்டபத்திலும் அந்தப் பட்டியலை நான் பார்த்ததில்லை. வாசலில் மொய் நோட்டு இருக்கிறது. நூற்றியொரு ரூபாய்க்கு ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுதுகிறார்கள். நாற்பது பவுனுக்கு ஒரு வரி கிடையாது. அது அத்தைகளின் தலைக்குள் பதிவாகிறது. இருபது வருடம் கழித்தும் அழியாது.

சட்டத்தைத் தொட்டாயிற்று, இதையும் சொல்லிவிடுகிறேன். வருமான வரிச் சோதனையில் எவ்வளவு நகையைக் கைப்பற்ற வேண்டியதில்லை என்று 1994-இல் ஓர் உத்தரவு வந்தது: கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100. ஆக, மூன்றாவது முடிச்சு விழும் அந்த நொடியில் மணமகளின் வரம்பு முப்பத்தொன்றேகால் பவுனிலிருந்து அறுபத்திரண்டரைக்குத் தாவுகிறது. மாப்பிள்ளை மேடை ஏறியபோதும் பன்னிரண்டரை, இறங்கும்போதும் பன்னிரண்டரை. திருமணம் யாரை மாற்றுகிறது என்ற பழைய விவாதத்தில் இவ்வளவு தெளிவான புள்ளிவிவரம் வேறெங்கும் கிடைக்காது.

கருதுகோளைச் சோதிக்க, உறவில் நடந்த ஒரு கல்யாணம் வாய்ப்பளித்தது. நெற்றிச்சுட்டி, சூரியன் சந்திரன், ஜடைபில்லை, மாட்டலோடு ஜிமிக்கி, நெக்லஸ், ஆரம், காசு மாலை, வங்கி, வளையல்கள், ஒட்டியாணம் என்று பெண் நடமாடும் கல்வெட்டாக வந்து உட்கார்ந்தாள்.

“நாப்பது போட்டிருக்காங்களாம், அத்தை.”

“முப்பத்தாறு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“வங்கி சிதம்பரம்டா.”

சிதம்பரம் கவரிங் நகைக்குப் பேர்போன ஊர். ரகசியத்துக்கும் பேர்போன ஊர்: திரையை விலக்கினால் வெற்றிடமும் அதன் முன் தொங்கும் பொன் வில்வ மாலையும். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

“மினுக்கு வேற மாதிரி இருக்கா?”

“நகையை யாரு பாத்தா? அவ அம்மாவைப் பாரு. ஆரம் சேலையில மாட்டினப்ப ஓடி வந்தா. ஒட்டியாணம் நழுவுனப்ப ஓடி வந்தா. வங்கி முழங்கை வரைக்கும் இறங்கிடுச்சு, அங்கேயே நின்னு யாருக்கோ பந்தி சொல்லிட்டிருக்கா.”

கண்ணெடை என்னும் சொல்லின் வரையறையை நான் அந்த இடத்திலேயே திருத்த வேண்டியதாயிற்று.

அன்றிரவு ஒரு ஜிமிக்கியின் திருகாணி காணாமல் போனது. டார்ச் பிடிக்க ஆய்வாளனும் அழைக்கப்பட்டதால் நகை கழற்றும் படலத்தை நேரில் காண முடிந்தது. ஏழு செல்போன் வெளிச்சத்தில் கட்டிலடியில் தேடி, கடைசியில் பெண்ணின் பின்னலிலேயே திருகாணி கிடைத்தது. ஆரம், ஒட்டியாணம், காசு மாலை ஒவ்வொன்றும் அதனதன் பெட்டிக்குள் போக, தாய்மாமன் எண்ணி எண்ணிப் பையில் வைத்தார். வங்கி கடைசியாக வந்தது. பெண்ணின் அம்மா அதை வாங்கி, பெட்டி எதையும் தேடாமல், சீப்பும் ஸ்டிக்கர் பொட்டும் கிடந்த தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.