பெட்டி மாஸ்டர்

திண்டுக்கல் பேகம்பூர் என்றால், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் விளங்கும் பேட்டை என்று சரித்திரம் படித்தவர்கள் சொல்வார்கள். தோல் ஷாப்புகளின் வாசனையைக் கொண்டே, கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தாலும் சரியான இடத்தில் இறங்கிவிடலாம் என்று அநுபவஸ்தர்கள் சொல்வார்கள். ஆனால் இந்த ஜில்லாவில் கல்யாண வரவேற்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இன்னிசைக் கச்சேரி நடத்திப் பிழைக்கிற ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சரித்திரத்தையும் வாசனையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, "நம்ம பெட்டி மாஸ்டர் இருக்குற ஏரியாதானே?" என்பார்கள்.

பெட்டி மாஸ்டர் என்பது ஓர் ஆசாமியின் பட்டப் பெயர் மாத்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். அது ஒரு வர்க்கம். நத்தத்தில் அந்த வர்க்கத்தார் உண்டு, ஒட்டன்சத்திரத்தில் உண்டு, மதுரையில் ஏராளமாக உண்டு. கிதார் வாசிக்கத் தெரிந்த காரணத்தால் மட்டும் ஒருவர் இதில் சேர்ந்துவிட முடியாது. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், காலால் மிதிக்கும் பெடல்கள், அவற்றைப் பிணைக்கும் வயர்கள் முதலான சகல பந்தங்களையும் அறுத்தெறிந்து, "இனி எனக்கு இந்த ப்ராசஸர்ப் பெட்டி ஒன்றே போதும்" என்று சங்கற்பம் செய்துகொண்டவர் எவரோ அவரே பெட்டி மாஸ்டர். துறவிகளுள் சிலரிடம் காணப்படும் இரண்டு குணங்கள் இவரிடமும் உண்டு: தாம் துறந்த பொருளைப் பற்றியே ஓயாமல் பேசுவார், துறக்காதவர்களைக் கண்டால் இரக்கப்படுவார்.

துறவு காரணமின்றி வந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபெண்டர் கம்பெனியின் ட்வின் ரிவெர்ப் என்ற வால்வ் ஆம்ப்ளிஃபையர் ஏறக்குறைய 29 கிலோ கனம். அதைத் தூக்கிக்கொண்டு வேடசந்தூருக்கு டவுன் பஸ்ஸில் போக எந்தச் சங்கீத ரசிகனாலும் ஆகாது. ஜிம் மார்ஷல் என்பவர் 1962ல் லண்டனில் ஒரு வாத்தியக் கடையில் தயாரிக்கத் தொடங்கிய ஆம்ப்ளிஃபையர்களோ, எங்கள் ஊர்க் கிதார்காரர்களுக்குச் சினிமாப் பத்திரிகைப் படங்களில் தரிசனம் தந்ததோடு சரி. ஆகவே தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் கற்றுக்கொண்டு, பிறகு ஆர்க்கெஸ்ட்ராவில் புகுந்த நம் கதாநாயகர், கிதாரை நேரே மைக்செட் மிக்ஸரில் செருகி, எலும்பும் தோலுமான ஒரு நாதத்தை எழுப்பிக்கொண்டு பல வருஷங்கள் காலந்தள்ளினார். அந்த நிலையில் இருந்த ஒருவரிடம், உலகத்து ஆம்ப்ளிஃபையர்களை எல்லாம் கணிதமாக்கி ஒரு பெட்டிக்குள் அடைத்திருக்கிறோம் என்று ஒருவன் வந்து சொன்னால், அவர் மனைவியின் வளையலைப் பார்க்காமல் என்ன செய்வார்?

கணிதமாக்கியது உண்மைதான். வால்வும் மின்மாற்றியும் கிதாரின் ஓசையை எந்த எந்த இடத்தில் எப்படித் திரித்து, நசுக்கி, உறுமச் செய்கின்றன என்பதைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை ஒரு சில்லுக்குள் கணந்தோறும் ஓடவிடுகிறார்கள். ஸ்பீக்கருக்கும் தந்திரம் உண்டு. காலியான கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு தடவை கையைத் தட்டி, அங்கே எழும் எதிரொலியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிறகு வீட்டில் வாசித்ததைக்கூட அந்த மண்டபத்தில் வாசித்தது போலச் செய்துவிடலாம் அல்லவா? அதே முறையில் ஒவ்வொரு ஸ்பீக்கர்ப் பெட்டியின் சுபாவத்தையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1998ல் லைன் 6 கம்பெனி அவரைவிதை வடிவத்தில் ஒரு சிவப்புக் கருவியை வெளியிட்டது. 2006ல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தது. 2011ல் ஜெர்மனியிலிருந்து கெம்பர் வந்தது. அதன் பிறகு இந்தப் பெட்டிகளுக்குக் கணக்கில்லை. நம் மாஸ்டரிடம் இருப்பது எந்தக் கம்பெனியின் பெட்டி என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றக் கம்பெனிப் பெட்டிகளை வைத்திருப்பவர்கள் என் மேல் பிராது கொண்டுவருவார்கள்.

பெட்டியை அவர் எடுத்துச் செல்லும் வைபவமே தனி. கறுப்பு உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, இரண்டு ஜிப்புகளையும் சேர்த்து ஓர் அசல் திண்டுக்கல் பூட்டால் பூட்டுவார். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டின் பலத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் பூட்டைத் திறக்கச் சிரமப்பட விரும்பாத திருடன் உறையோடு தூக்கிக்கொண்டு போய்விட முடியும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல இதுவரை ஒருவருக்கும் மனம் வரவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு தடவை கண்டக்டர், "என்னண்ணே அது, லக்கேஜா?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"லக்கேஜ் இல்லப்பா. இதுக்குள்ள மார்ஷல் இருக்கு, ஃபெண்டர் இருக்கு, வாக்ஸ் இருக்கு. இன்னும் எம்புட்டோ இருக்கு."

"அம்புட்டுப் பேரும் எங்கண்ணே எறங்குறாங்க?" என்றார் கண்டக்டர், டிக்கெட் மிஷினில் விரலை வைத்தபடி.

மாஸ்டரின் உண்மையான சங்கீத வாழ்க்கை இரவு பத்து மணிக்குமேல், வீட்டார் உறங்கிய பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் ஆரம்பமாகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு 'பேட்ச்', அதாவது ஒரு நாத அமைப்பு, தயாரித்து, அதற்குப் பாட்டின் பெயரையே சூட்டிச் சேமித்து வைப்பார். 1982ல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டுக்கு மாத்திரம் பல பேட்சுகள். அந்தப் பாட்டில் கிதார் வாசித்த ஆர். சந்திரசேகர், கையும் கம்பிகளுமாக உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போனார். நம்மவரோ அந்த நாதத்தை எலெக்ட்ரிக் கிதாரிலிருந்து வரவழைப்பதற்காக மரக் கிதாரின் உடம்பைப் போலி செய்யும் ஓர் அம்சத்தைச் சேர்த்து, அதற்கு மேல் ரிவெர்ப் என்ற எதிரொலியைக் கொஞ்சம் தூவி, பிறகு ரிவெர்ப் அதிகமோ என்று குறைத்து, குறைத்தது தவறோ என்று பழையபடி கூட்டி, விடியற்காலம் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும்போது 'இளைய நிலா புதுசு 4' என்று சேமித்துவிட்டுப் படுப்பார். அந்த இரவு முழுவதிலும் பாட்டின் ஆரம்பத்து நாலைந்து ஸ்வரங்களைத் தவிர வேறு எதையும் அவர் வாசித்திருக்க மாட்டார். சரணங்களுக்கு இடையில் வரும் பகுதி அவருக்குச் சரியாகப் பாடமில்லை என்று தபலாக்காரர் சொல்வதுண்டு. தபலாக்காரர்களுக்குப் பொறாமை ஜாஸ்தி.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த நாதம் மேடையில் ஏறினவுடன் கீழே இடிபோல் முழங்கி, மேலே கூரிய கத்தியாய்க் காதைக் கிழிப்பதற்குக் காரணம் விஞ்ஞானத்தில் இருக்கிறது. ஒலி மெல்லியதாக இருக்கும்போது மனிதனுடைய செவி கனத்த ஸ்வரங்களையும் மிகக் கூரிய ஸ்வரங்களையும் குறைவாகவே வாங்கிக்கொள்கிறது. ஒலி உயர உயர அவை முன்னே வந்து நிற்கின்றன. ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1933லேயே இதை அளந்து வரைபடம் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆகவே வீட்டில் சன்னமாகக் கேட்டு, போதாதென்று அடியையும் உச்சியையும் கூட்டி வைத்தவன், மைதானத்தில் அதன் பலனை அநுபவித்தே தீர வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தை எனக்கு விளக்கிச் சொன்னவரே பெட்டி மாஸ்டர்தான். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயில் விரலை நனைத்து மேஜைமேல் அந்த வரைபடத்தை வளைவு பிசகாமல் வரைந்து காட்டினார். அன்று இரவும் வழக்கம்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

அவருடைய ஜன்ம விரோதி மைக்செட் பாய். விரோதத்துக்கு மூலகாரணம் ஸ்டீரியோ. மாஸ்டர் தமது அருமையான பேட்ச் ஒன்றில், எதிரொலி இடப் பக்கம் ஒரு முறையும் வலப் பக்கம் ஒரு முறையுமாக மாறி மாறி ஒலிக்கும்படி அமைத்திருந்தார்.

"பாய், ரெண்டு வயரு எடுத்துக்கங்க. லெஃப்ட்டு ஒண்ணு, ரைட்டு ஒண்ணு."

"ஒண்ணு போதும் மாஸ்டர்."

"அப்படிச் சொல்லாதீங்க பாய். எஃபெக்ட்டு போயிரும்."

"மாஸ்டர், அந்தப் பக்கம் உக்காந்திருக்கவுகளும் மொய் எழுதுனவுகதான். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சத்தந்தான் குடுக்கணும். நாளைக்கு என்னையத்தான் கேப்பாக."

இந்தச் சமதர்மத்துக்கு மறுமொழி கிடையாது. ஒரே வயரைக் கொடுத்தார். அதில் இடப் பக்கத்துச் சத்தம் மாத்திரம் போயிற்று. அதன் பயனாக எதிரொலிகளில் ஒன்றுவிட்டு ஒன்று காணாமற் போய், தாளத்தின் நடுவே பள்ளம் விழுந்து, ரிதம் பேட் வாசித்த பையன் தான்தான் தப்பாக வாசிக்கிறோம் என்று பயந்து நிறுத்திவிட்டான்.

பெட்டியினால் உபகாரமே இல்லை என்று சொன்னால் அது பாபம். பாடுகிற அம்மாள் தொண்டை சரியில்லை என்று, "அண்ணே, அரைக் கட்டை கொறச்சுக்கங்க" என்று கடைசி நிமிஷத்தில் சொன்னால், மற்றக் கிதார்காரர்கள் கம்பிகளைத் தளர்த்திச் சுருதி சேர்க்கும் நேரத்தில், நம்மவர் கால் கட்டைவிரலால் ஒரு பொத்தானை மிதிப்பார். பெட்டி எல்லா ஸ்வரங்களையும் அரைக் கட்டை இறக்கி வெளியே அனுப்பிவிடும். ஆனால் விரலடியில் கம்பி பழைய சுருதியில் கிணுகிணுக்க, எதிரே மானிட்டரில் புதிய சுருதி முழங்க, இரண்டுக்கும் இடையில் அகப்பட்டு அவர் முகம் போகும் போக்கை மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்பீக்கர் கொண்டுவராத குறை அவரை எங்கும் விடாது. "கீபோர்டு தம்பி எம்பூட்டுச் சாமான் எறக்குறாரு, நீங்க வெறுங்கையோட வந்திருக்கீக?" என்று பெண் வீட்டார் கேட்பார்கள். உடனே அவர், 2013ஆம் வருஷம் மெட்டாலிகா என்ற ராக் இசைக் கோஷ்டியார் அண்டார்டிகாவில் மேடை ஸ்பீக்கரே இல்லாமல் கச்சேரி செய்ததையும், சபையோர் எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டதையும் விஸ்தாரமாக எடுத்துரைப்பார். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க பந்திக்கு என்ன போட்டாக?" என்று விசாரித்தார்.

நத்தம் சாலையில் ஒரு கிராமத்துத் திருவிழாவில் நடந்த சம்பவத்தைச் சொல்லாமல் இந்தச் சித்திரம் பூர்த்தியாகாது. 'இளைய நிலா' தொடங்கும் நேரம். மாஸ்டர் கண்ணை மூடி, 'புதுசு 4'ஐ மிதிக்கப் போகையில் கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. விளக்கு உடனே எரிந்தது. கீபோர்டும் தனியாக ஒரு யூ.பி.எஸ். வைத்திருந்தபடியால் தப்பியது. பெட்டி மாத்திரம் மயங்கி விழுந்து எழுந்த மனிதனைப்போல, முதலில் கம்பெனியின் சின்னத்தைக் காட்டி, பிறகு கறுப்பாகி, பிறகு ஒரு கோட்டை இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டிருந்தது. பாடகர் மைக்கைப் பிடித்துவிட்டார். ஜனங்கள் விசில் அடிக்கிறார்கள். கீபோர்டுக்காரர் சட்டென்று ஓர் எண்ணை அழுத்தி, கிதாரின் நாதத்தைத் தம்முடைய வாத்தியத்திலேயே வரவழைத்து, ஆரம்பத்து ஸ்வரங்களைக் குளுகுளுவென்று வாசித்துவிட்டார். கிதாரைத் தோளில் மாட்டி, கையை அசைத்துக்கொண்டு நின்ற மாஸ்டருக்குக் கரகோஷம் கிடைத்தது.

மேடையை விட்டு இறங்கியதும் அவர் ஆடிய ருத்ர தாண்டவத்தை வர்ணிக்க இயலாது. "அது கிதாரா? அது போலி! அதுல மரம் இருக்கா, கம்பி இருக்கா? எவனோ ரூமுக்குள்ள உக்காந்து கணக்குப் போட்டு வச்ச சத்தம்!" என்று கர்ஜித்தார். கீபோர்டுக்காரர் சாந்தமான மனிதர். பூட்டுத் தொங்கிய அந்தக் கறுப்பு உறையை ஒரு தடவை பார்த்தார். பிறகு பரோட்டாவைப் பிய்க்கத் தொடங்கினார். ஆர்மோனியப் பெட்டியில் கமகம் பேசாது என்று சொல்லி அகில இந்திய ரேடியோ அதை 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்திருந்தது; அந்த ஆர்மோனியக்காரர்கள் கீபோர்டு வந்த காலத்தில், அதில் காற்றே இல்லை, உயிர் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். மாஸ்டரின் கோபத்துக்கு நல்ல வம்சாவளி இருக்கிறது.

ஒரு வாரம் இருவருக்கும் பேச்சில்லை. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் மாஸ்டர், கீபோர்டுக்காரர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, மழை பெய்யாததைப் பற்றியும் பிரியாணி விலையைப் பற்றியும் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, அன்னைக்கு அந்தக் கிதார் சத்தம் போட்டியே, அது எத்தனாம் நம்பரு? ரிவெர்ப் எம்புட்டு வச்சிருந்த?" என்று கேட்டார். இப்போது பெட்டியில் 'இளைய நிலா புதுசு 5' என்று ஒரு பேட்ச் இருக்கிறது. அசல் கீபோர்டில் வாசித்தது போலவே இருக்கிறது என்று மாஸ்டர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்.