தொண்டை கட்டிய போன்

என் போனுக்குத் தொண்டை கட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. மணியடித்தால், கிணற்றில் விழுந்த டிரான்சிஸ்டர் பாடுகிற மாதிரி இருக்கும். தெருமுனைக் கடைப் பையன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரிங்கர் போயிடுச்சு சார், 600 ஆகும்" என்றான். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தேன்: அதே ரிங்கர், அதாவது மணியடிக்கும் ஸ்பீக்கர், 120 ரூபாய். மீதி 480 அவன் கைக்கூலி. கை எனக்கும்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் ஹேர் டிரையர் கேட்டேன். என் தலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். போனை அணைத்து, பின்மூடிக்குச் சூடு காட்டினால் பசை இளகும். இடுக்கில் காலாவதியான ஏடிஎம் கார்டை நுழைத்து நெம்ப வேண்டும். நெம்பினேன். உள்ளே 16 ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் கடுகளவு. அதிலும் நீளம் வேறு வேறு. குட்டை ஸ்க்ரூவின் குழியில் நெட்டையை முடுக்கினால் போர்டைப் பதம் பார்த்துவிடுமாம். எனவே காகிதத்தில் போனின் படம் வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே வைத்தேன். என் வாழ்நாளின் ஒரே முன்யோசனை அது. "வேர்க்குதே உங்களுக்கு" என்று அவள் ஃபேனைப் போட்டாள்.

காகிதம் பறந்தது. குடும்பமே தரையில் தவழ்ந்து 15 ஸ்க்ரூவைப் பொறுக்கியது. பதினாறாவதை அரை மணி நேரம் தேடினோம். கடைசியில், கழற்றிப் போட்டிருந்த பழைய ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கும் என்று எட்டாம் வகுப்பில் படித்ததுதான்.

புது ஸ்பீக்கருக்குப் பற்றவைப்பெல்லாம் வேண்டாம். அதன் இரண்டு பொன்னிறப் புள்ளிகள் போர்டின் ஸ்பிரிங்கைத் தொட்டால் போதும். மாட்டினேன், முடுக்கினேன், அவளை அழைக்கச் சொன்னேன். அதே கிணறு, அதே டிரான்சிஸ்டர்.

அப்போதுதான் போனின் அடிப்பக்கத் துளைகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். உள்ளிருக்கும் சல்லடை வெள்ளையாக அடைத்திருந்தது. முகர்ந்தேன். விபூதி! கோயில் பொட்டலத்தைப் போனோடு ஒரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவது என் வழக்கம். பழைய டூத் பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்ததும் போன் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"அப்போ பழசு நல்லாத்தான் இருந்ததோ?" என்றாள். மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மறுபடி 16 ஸ்க்ரூ.

பழைய ஸ்பீக்கர் இப்போது அவளுடைய தையல் மிஷினில் குண்டூசி பிடித்து வைத்திருக்கிறது. பின்மூடிக்குப் பசை வாங்க மறந்துவிட்டதால், போனுக்கு இப்போதைக்கு ரப்பர் பேண்ட்.